வாடகை வீட்டில் வேறு ஆள் குடியிருந்தால்

வீட்டை விட்டது ஒருவருக்கு, உள்ளே இருப்பது வேறொருவர் என்று தெரிந்தால், முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: புது ஆளிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். "இந்த மாச வாடகைய ஜிபேல போட்டுட்டேன் அண்ணாச்சி" என்று அவர் அனுப்பியதைப் பேசாமல் வைத்துக்கொண்டால், நாளைக்கு அந்த ஸ்கிரீன்ஷாட்டையே ரசீதாகக் காட்டி, நானும் வாடகைதாரர்தான் என்பார். பணம் வந்துவிட்டால் அன்றே திருப்பி அனுப்பி, "உங்களை நான் குடிவைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அவர் பெயரில் கேஸ் இணைப்பு, முகவரி மாற்றம் எதற்கும் கையெழுத்துப் போடவே கூடாது.

அடுத்தது, அவர் விருந்தாளியா உள்வாடகையா என்று பார்ப்பது. வாடகைதாரரின் அம்மா வந்து தங்குவதும், பிரசவத்துக்கு வந்த தங்கை சில மாதம் இருப்பதும் உள்வாடகை ஆகாது. பழைய ஆளின் சாமான் உள்ளே இருக்கிறதா, சாவி யார் கையில், யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டுப் பகலில் போய்ப் பாருங்கள். கூரியர் கவரில் இருக்கும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் கரண்ட் ரீடிங் ஒரு தடவை சட்டென்று இறங்கி மறுபடி ஏறியிருந்தால், ஆள் மாறிய காலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

நெல்லையின் பாளையங்கோட்டை, பெருமாள்புரம் போல மாநகராட்சிக்குள் வீடு இருந்தாலும், நகராட்சி, பேரூராட்சி என்றாலும், 22.2.2019 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொருந்தும். எழுத்துமூல சம்மதம் இல்லாமல் வீட்டைப் பிறர் வசம் விட்டது, பிரிவு 21(2)(c)படி காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம். வாடகைதாரருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, உள்ளே இருப்பவருக்கும் நகல் அனுப்புங்கள். ஒப்புகையோடு போன தபால் 'வாங்க மறுத்தார்' என்று திரும்பி வந்தால் கவரைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், அதுவே சாட்சி. பிறகு வாடகை நீதிமன்றத்தில் மனு. இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உத்தரவோடு போகும் நாளில் உள்ளே இருப்பவர் மறிப்பார். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதியாமல் விட்டவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் வருவதும் இங்கேதான். அதனால் வக்கீலிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிராம ஊராட்சியில் இந்தச் சட்டம் இல்லை. மாத வாடகை என்றால் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 106படி 15 நாள் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு. ஒத்திக்கு விட்ட வீடு என்றால் கதையே வேறு: ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்க வேண்டும்.

எவ்வளவு கோபம் வந்தாலும் பூட்டை மாற்றாதீர்கள், பியூஸைப் பிடுங்காதீர்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். அத்தியாவசிய வசதியைத் துண்டிப்பது அதே 2017 சட்டப்படி தவறு. பலவந்தமாக வெளியேற்றினால், அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வர முடியும். வீடு யாருடையது என்பதைக்கூட அந்த வழக்கில் பார்க்க மாட்டார்கள். காலியாக இருந்த வீட்டைப் பூட்டு உடைத்து ஒருவர் நுழைந்தார் என்றால் மட்டும் உடனே காவல் நிலையத்தில் அத்துமீறல் புகார் கொடுங்கள்.

பேசி ஒத்துக்கொண்டு போகிறார்கள் என்றால் சாவி ஒப்படைத்த தேதியையும் மீட்டர் ரீடிங்கையும் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அட்வான்ஸ் பாக்கியை முதலில் கொடுத்தவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், உள்ளே இருந்தவர் கையில் கொடுக்க வேண்டாம்.