சூரியனை உரசிச் செல்லும் வால்வெள்ளியை விண்கலப் படங்களில் தேடுவது எப்படி?

தண்டையார்பேட்டையிலோ காசிமேட்டிலோ மொட்டைமாடியில் நின்று மங்கலான வால்வெள்ளியைப் பார்த்துவிடலாம் என்று நான் யாருக்கும் ஆசை காட்ட மாட்டேன். துறைமுகத்தின் விளக்கு வெளிச்சமும் மணலிப் பக்கத்துப் புகைமூட்டமும் அதற்கு இடம் தருவதில்லை. ஆனால் சூரியனை ஒட்டிச் செல்லும் வால்வெள்ளிகளில் பெரும்பாலானவை சூரிய ஒளிக்குள்ளேயே மறைந்து அழிந்துவிடுவதால், மலையுச்சியில் இருப்பவரும் நம்மைப் போலவே விண்கலம் எடுத்த படங்களில்தான் அவற்றைத் தேடியாக வேண்டும். இருநோக்கியையோ தொலைநோக்கியையோ சூரியன் பக்கம் திருப்பித் தேடினால் பார்வையே போய்விடும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று அறிதல்

சூரியனைக் கண்காணிக்க 1995 டிசம்பரில் ஏவப்பட்ட சோஹோ விண்கலம், பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் சுமார் 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிலைகொண்டுள்ளது. அதிலுள்ள லாஸ்கோ கருவி, தெருவிளக்கின் கூச்சத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு தொலைவில் வருபவரைப் பார்ப்பது போல, சூரிய வட்டை ஒரு தகட்டால் மறைத்துச் சுற்றுப்புறத்தைப் படமெடுக்கிறது. இந்தப் படங்களில் கண்டறியப்பட்ட வால்வெள்ளிகளின் எண்ணிக்கை 2024 மார்ச்சில் 5,000-ஐத் தொட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள் ஆர்வலர்களே.

இவற்றில் மிகப் பெரும்பான்மை கிரோய்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதாவது, பல நூற்றாண்டுகளுக்கு முன் உடைந்த ஒரு பெரிய வால்வெள்ளியின் சிதறல்கள், ஏறத்தாழ ஒரே பாதையில் வரிசையாகத் திரும்பி வருகின்றன. சில பத்து மீட்டர் அளவே உள்ள இச்சிதறல்கள் சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகித் தூசியைக் கக்குவதால் வேகமாக ஒளி கூடும். பின்னர் தூசித்துகள்களும் ஆவியாவதால், சூரியனை அடையும் முன்பே அவை மங்கிப்போகும்.

படி 2: தெரிந்த வால்வெள்ளியில் பழகுதல்

புதியதைத் தேடும் முன், சோஹோ இணையதளத்தின் பழைய படத் தொகுப்பில் 2011 டிசம்பர் 14 முதல் 16 வரையிலான படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியப் பரப்பிலிருந்து சுமார் 1.4 லட்சம் கி.மீ. உயரத்தில் கடந்தும் மறுபக்கம் வெளிவந்த லவ்ஜாய் வால்வெள்ளி அவற்றில் உள்ளது. 2013 நவம்பர் 28-இல் சிதைந்த ஐசான் வால்வெள்ளியின் படங்களையும் இதனுடன் ஒப்பிடுங்கள். படத்தில் உள்ள நேரம் உலகப் பொது நேரம் என்பதால், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும்.

படி 3: படங்களை வரிசையாக ஓட்டுதல்

லாஸ்கோவில் சி2, சி3 என்று இரு கேமராக்கள் உள்ளன. சூரியனுக்கு நெருக்கமான பகுதியைக் காட்டும் சி2 படங்கள் செம்மஞ்சளாகவும், சுமார் 30 சூரிய ஆரத் தொலைவு வரை காட்டும் சி3 படங்கள் நீலமாகவும் இருக்கும். சில மணி நேரத்துப் படங்களைத் தரவிறக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கைபேசித் திரை இதற்குப் போதாது. நூலகக் கணினியாவது வேண்டும்.

படி 4: வால்வெள்ளி அல்லாதவற்றைக் கழித்தல்

உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு படத்தில் தோன்றி அடுத்ததில் இல்லாத புள்ளி, கேமராவின் ஒளியுணரி மீது மோதிய காஸ்மிக் கதிரின் தடம். எல்லாம் சேர்ந்து இடமிருந்து வலமாக ஒரே சீராக நகர்பவை விண்மீன்கள். இருபுறமும் கிடைக்கோடு நீளும் பெரிய ஒளிப்புள்ளி பெரும்பாலும் கோள்தான். விண்மீன்களோடு சேராமல், தனக்கென ஒரு திசையில், படத்துக்குப் படம் ஏறத்தாழ ஒரே அளவு இடைவெளியில் நகரும் மங்கல் புள்ளியே உங்கள் வேட்பாளர். வால் தெரிந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல வால்வெள்ளிகளில் வால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு படத்தில் கண்டதும் துள்ளிக் குதிக்காமல், குறைந்தது நான்கைந்து படங்களிலாவது அது தொடர்வதை உறுதிசெய்யுங்கள்.

படி 5: அறிவித்தல்

ஒவ்வொரு படத்தின் நேரத்தையும், புள்ளியின் பிக்சல் இடத்தையும், சி2-வா சி3-யா என்பதையும் குறித்துக்கொண்டு, இதற்கென இயங்கும் சன்கிரேசர் திட்டத்தின் தளத்தில் பதிவுசெய்து அனுப்பலாம். வால்வெள்ளிக்கு உங்கள் பெயர் வராது, சோஹோவின் பெயர்தான் வரும். கண்டறிந்தவர் என்ற குறிப்பு மட்டும் உங்களுக்குக் கிடைக்கும். அதே புள்ளியை வேறொருவர் முன்பே அறிவித்திருக்கிறாரா என்று அத்தளத்தின் அறிக்கைப் பட்டியலைப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.