ஏரியில் யார் எப்படி மூச்சு விடுகிறார்கள்? 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஒரு களப்பாடம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரி வாக்கில் ஏரித் தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருக்கும். அதுதான் தோதான காலம். ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு (ஆயக்கட்டு) 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறையிடமும், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

1. இடம். முந்தைய நாளே ஆசிரியர் போய்ப் பார்க்க வேண்டும். மதகுப் பக்கம் வேண்டவே வேண்டாம். திறந்திருந்தால் ஆளை இழுத்துவிடும். வண்டல் அள்ளிய குழிகள் மேலிருந்து தெரியாது. கழியை ஊன்றிப் பார்த்து, முழங்காலளவு ஆழத்துக்குள் கயிறு கட்டி எல்லை வையுங்கள். காலில் புண் இருப்பவர்கள் கரையிலேயே குறிப்பெடுக்கட்டும். எலிக்காய்ச்சல் கிருமி காயம் வழியே எளிதில் நுழையும்.

2. தெளிவு. யாரும் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். சேறு கலங்கினால் அளவு பொய்யாகிவிடும். 20 செ.மீ. விட்டமுள்ள தட்டை நான்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசுங்கள். இதுதான் செக்கி தட்டு. அடியில் எடை கட்டுங்கள், இல்லாவிட்டால் சாய்ந்துகொள்ளும். கயிற்றில் 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சு. படித்துறையிலிருந்து இறக்கும்போது மறையும் ஆழம், தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழம், இரண்டின் சராசரியே விடை. தட்டு தரையைத் தொட்டும் கண்ணுக்குத் தெரிந்தால் எண் எழுதாதீர்கள். 'அடிவரை தெரிந்தது' என்று குறியுங்கள்.

3. சல்லடை. கம்பிவலைச் சல்லடையை ஒன்றரை மீட்டர் கழியில் கட்டி, வேலம்பாசிக்கும் வெங்காயத்தாமரை வேருக்கும் இடையே 30 விநாடி அலசுங்கள். எல்லாக் குழுவுக்கும் அதே 30 விநாடிதான். இல்லையென்றால் ஒப்பிட முடியாது. சேற்றைத் தண்ணீரிலேயே அலசிவிட்டு, 2 செ.மீ. ஏரித்தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, இரண்டு நிமிடம் பொறுங்கள். அசைவதெல்லாம் உயிர்.

4. வகைப்பிரிப்பு. பெயர் தெரியவில்லை என்று பிள்ளைகள் தயங்குவார்கள். பெயரை விடுங்கள், எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றின் இருபுறமும் செவுள் துடித்தால் மேஃபிளை இளம்பூச்சி. வால்முனையில் இலைபோல் மூன்று தகடு இருந்தால் ஊசித்தட்டான் குஞ்சு. இவை தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை நம்பி வாழ்பவை. கொசுப்புழுவும் நீர்த்தேளும் குழாயை மேலே நீட்டிக் காற்றையே உறிஞ்சுபவை. தண்ணீரில் ஆக்சிஜன் உண்டா இல்லையா என்பதற்கு இவற்றைச் சாட்சியாக வைக்க முடியாது. சிவப்புப் புழுவுக்கு ஹீமோகுளோபின் உண்டு, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். அது மட்டுமே நிறைய வந்தால் சந்தேகப்படலாம். ஆனால் ஒரே தட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மூன்று இடங்களிலாவது அலசுங்கள். நீர்த்தேளைக் கையால் தொட வேண்டாம், கடிக்கும். ஸ்பூன் போதும்.

5. ஆக்சிஜன் சோதனைப் பெட்டி இருந்தால் ஒரே இடத்தில் காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் அளவெடுங்கள். இரவெல்லாம் எல்லா உயிர்களும் ஆக்சிஜனைச் செலவழிக்கும். பகலில் பாசி திரும்ப நிரப்பும். 30 டிகிரி செல்சியஸ் நன்னீர் காற்றிலிருந்து பெற்று வைத்துக்கொள்ளக் கூடியது லிட்டருக்குச் சுமார் 7.5 மி.கி. பச்சையாகக் கிடக்கும் ஏரியில் பிற்பகலில் அதையும் தாண்டும். பிற்பகல் அளவை மட்டும் பார்த்தால் சீர்கெட்ட ஏரிகூட நல்ல ஏரியாகத் தெரியும். புட்டியைத் தண்ணீருக்குள்ளேயே நிரப்பி, அங்கேயே மூடுங்கள். குமிழ் ஒன்று நின்றாலும் கணக்கு தப்பும்.

பிடித்தவற்றை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சல்லடையை நன்றாகக் காயவைக்காமல் அடுத்த ஏரிக்கு எடுத்துப் போகாதீர்கள். வெங்காயத்தாமரைத் துண்டு ஒன்று போதும், அங்கேயும் பரவ.