தனி ஊசல் பிராக்டிகல்: விடைய முன்னாடியே சொல்லாம நடத்துறது எப்படி

எட்டாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் சயின்ஸ் எடுக்குறவங்களுக்காக இத எழுதுறேன். லேப் சரியா இல்ல, சாமான் பத்தாதுன்னு பிராக்டிகலையே விட்டுடுறோம், இல்லன்னா டீச்சர் ஒருத்தரே மேஜைல செஞ்சு காட்டி, போர்டுல ரீடிங் எழுதிப் போட்டு, எல்லாரும் ரெகார்ட் நோட்டுல அதயே காப்பி பண்ணி முடிச்சுடுறோம். அப்படி பண்ணா பசங்களுக்கு கிடைக்கிறது கையெழுத்துப் பயிற்சி மட்டும்தான். தனி ஊசல்ல, அதாவது நூல் நுனில ஒரு குண்டு கட்டி ஆட்டுறதுல, இத மாத்துறது ரொம்ப சுலபம், ஏன்னா நூலும் நட்டும் ஒரு ஸ்கேலும் ஸ்டாப்வாட்ச் இருக்குற போனும் இருந்தா போதும், ஜன்னல் கம்பி டெஸ்க் ஓரம்னு எங்க வேணா தொங்க விடலாம்.

மூணு மூணு பேரா பிரிச்சுடுங்க, ஒருத்தர் குண்ட (நூல்ல கட்டுன நட்ட) விடணும், ஒருத்தர் எண்ணிக்கிட்டே டைம் பாக்கணும், ஒருத்தர் எழுதணும், ஒவ்வொரு ரீடிங்குக்கும் வேலைய மாத்திக்கணும். நாலு பேர் அஞ்சு பேர்னு போட்டா யாராவது ஒருத்தர் வேடிக்கை பாத்துட்டு நிப்பாங்க.

நூல கைல பிடிச்சுக்கிட்டு ஆட்ட விடாதீங்க, கையும் சேந்து ஆடும். ஆணில சும்மா சுத்தி விட்டாலும் குண்டு ஆட ஆட நூல் தொங்குற புள்ளி நகந்துக்கிட்டே இருக்கும், அப்புறம் நீளம்னு எத சொல்றது? ரெண்டு அழிரப்பர் துண்டுக்கு நடுவுல நூல வச்சு இறுக்கிக் கட்டிட்டா தொங்குற இடம் தெளிவா ஒரே புள்ளியா இருக்கும், நீளத்த மாத்தணும்னா நூல இழுத்து விட்டா போதும், அவுத்துக் கட்ட வேண்டியதில்ல.

இப்ப முக்கியமான விஷயம். ஃபார்முலாவ போர்டுல எழுதாதீங்க. முதல்ல கேளுங்க, குண்டோட எடைய கூட்டினா ஆட்டம் வேகமாகுமா, மெதுவாகுமா, அப்படியே இருக்குமா? கை தூக்கச் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் எத்தன பேர்னு போர்டு ஓரத்துல எழுதி வச்சுடுங்க, அழிக்காதீங்க. கனமா இருந்தா வேகமா ஆடும்னு நிறைய பேர் நம்புவாங்க, படிச்சு மார்க் வாங்குறவங்க உட்பட. தான் சொன்னது சரியான்னு பாக்கணும்ங்கிற துடிப்பு வந்த பிறகு அளக்குறவங்க கவனமே வேற மாதிரி இருக்கும்.

இங்க ஒரு பொறி இருக்கு, கண்டிப்பா எதாவது ஒரு குரூப் மாட்டும். எடைய கூட்ட ஒரு நட்டுக்குக் கீழ இன்னொரு நட்டு, அதுக்குக் கீழ இன்னொண்ணுன்னு சரமா கட்டிடுவாங்க. அப்ப எடை மட்டும் கூடல, மொத்த எடையோட மையமும் கீழ இறங்கி ஊசலோட நீளமும் கூடிடுச்சு, அதனால "எடை கூடினா மெதுவா ஆடுது சார்"னு ரீடிங்கோட வந்து நிப்பாங்க. தப்புன்னு சொல்லி திருப்பி அனுப்பாதீங்க, அவங்க அளந்தது நெஜம்தான். எடையத் தவிர வேற என்ன மாறியிருக்குன்னு மட்டும் கேட்டுட்டு நகந்துடுங்க. மூணு நட்டையும் ஒரே கம்பி வளையத்துல சேத்து மாட்டி அவங்களே திரும்பச் செய்யட்டும். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்தணும்ங்கிறத இதவிட நல்லா புரிய வைக்க எனக்குத் தெரிஞ்சு வேற வழி இல்ல.

டைம் எடுக்குறதுக்கு வருவோம். நீளம்னா தொங்குற புள்ளில இருந்து குண்டோட மையம் வரைக்கும், ஒரு அலைவுன்னா ஒரு தடவ போய்த் திரும்பி வர்றது. 25 செமீ நீளத்துல ஒரு அலைவுக்கு கிட்டத்தட்ட 1 விநாடி ஆகும். கண்ணு பாத்து விரல் அழுத்துறதுக்குள்ளயே 0.2 விநாடி போயிடும், ஒரே ஒரு அலைவ அளந்தா அந்த தவறே 20 சதவீதம், 20 அலைவ சேத்து அளந்து 20-ஆல வகுத்தா அதே தவறு 1 சதவீதமா சுருங்கிடும். எதுக்கு 20-ன்னு கேக்குற பசங்களுக்கு இந்தக் கணக்க அவங்களையே போட வைங்க. இன்னொண்ணு, குண்டு ஓரத்துல திரும்புறப்ப டைம் ஆரம்பிக்கக் கூடாது, அங்க அது கிட்டத்தட்ட நின்னு திரும்புறதால எந்த நொடில திரும்புச்சுன்னு கண்ணுக்குத் தெரியாது. நடுவுல ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, குண்டு வேகமா அதத் தாண்டுறப்ப ஸ்டார்ட் அழுத்தணும், எண்ணிக்கை "ஜீரோ"ல ஆரம்பிக்கணும், அப்புறம் அதே திசைல திரும்பத் தாண்டுறப்பதான் ஒண்ணு.

25, 50, 75, 100 செமீ நீளத்துக்கு 20 அலைவு நேரம் முறையே 20.1, 28.4, 34.7, 40.1 விநாடிக்குப் பக்கத்துல வரணும். இது உங்களுக்கு மட்டும், பசங்ககிட்ட காட்டிடாதீங்க, காட்டினா அதுக்கு ஏத்த மாதிரி ரீடிங் "வந்துடும்". நீளம் நாலு மடங்கானா நேரம் ரெண்டு மடங்குதான் ஆகுதுங்கிறத 25-லயும் 100-லயும் அவங்களே கண்டுபிடிக்கட்டும், கொஞ்சம் நேரம் எடுக்கும், பரவால்ல விடுங்க.

ஜி மதிப்பு, அதாவது புவியீர்ப்பு முடுக்கம் (கிட்டத்தட்ட 9.8 மீ/வி²), கண்டுபிடிக்கிறப்பதான் இந்தப் பிராக்டிகலோட முழு ருசியும் இருக்கு. 9.8 வரலன்னா அழிச்சுட்டு 9.8-ன்னு எழுதுற பழக்கம் எல்லா ஸ்கூல்லயும் இருக்கு. ஆனா தப்பா வந்த விடைய வச்சே எங்க தப்பு நடந்துச்சுன்னு சொல்லிடலாம். 39-ன்னு வந்தா, போறதையும் வர்றதையும் தனித்தனியா எண்ணி அரை அலைவ ஒரு அலைவா எடுத்துட்டாங்க, நேரம் பாதியாச்சுன்னா ஜி நாலு மடங்கு ஆகும். 10.9-ன்னு வந்தா "ஒண்ணு"ன்னு சொல்லிக்கிட்டே வாட்ச ஸ்டார்ட் பண்ணி 19 அலைவத்தான் அளந்திருக்காங்க. 9.4-ன்னு வந்து, அதுவும் சின்ன நீளத்துல மட்டும் அப்படி வந்தா, குண்டோட மையம் வரைக்கும் அளக்காம மேல் முனையோட நிறுத்திட்டாங்க. 1 செமீ விட்டுப்போனா 25-ல 4 சதவீதம் அடிபடும், 100-ல 1 சதவீதம்தான். நீங்க காரணத்த சொல்லாதீங்க, "உன் 39-அ 9.8-ஆல வகுத்துப் பாரு"ன்னு மட்டும் சொல்லுங்க. நாலுன்னு வந்ததும் வகுத்துப் பாத்த பொண்ணு முகத்துல வர்ற மாற்றத்த பாக்கணும், நேரா நூல்கிட்ட ஓடிப் போய் மறுபடி எண்ண ஆரம்பிப்பா.

கிராஃப் கண்டிப்பா போட வைங்க, டைம் இல்லன்னு விட்டுடாதீங்க. நீளத்த கிடை அச்சுலயும் அலைவு நேரத்தோட வர்க்கத்த செங்குத்து அச்சுலயும் வச்சா நேர்கோடு வரும், நீளத்த மீட்டர்ல எடுத்தா சாய்வு கிட்டத்தட்ட 4.02, நாலு பை ஸ்கொயர் அதாவது 39.5-அ அதால வகுத்தா ஜி வந்துடும். குண்டோட மையத்த விட்டுட்டு அளந்த குரூப்போட கோடு ஆதிப்புள்ளி வழியா போகாம கொஞ்சம் மேல தள்ளிப் போகும், ஆனா சாய்வு மாறாது, அதனால அவங்களுக்கும் ஜி சரியாவே வரும். எல்லா நீளத்துலயும் ஒரே மாதிரி நடந்த தப்ப கிராஃப் தனியா பிரிச்சு எடுத்துக் குடுத்துடுது. வெறும் அட்டவணைல சராசரி போட்டவங்களுக்கு இது கிடைக்காது.

நேரம் மிச்சம் இருந்தா, 60 டிகிரி வரைக்கும் இழுத்து விட்டு 5 அலைவு மட்டும் அளக்கச் சொல்லுங்க. வீச்சு மாறினா நேரம் மாறாதுன்னு மனப்பாடம் பண்ணவங்களுக்கு இது நல்ல அதிர்ச்சி, ஏன்னா அவ்வளவு பெரிய வீச்சுல அலைவு நேரம் கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடும், 10 டிகிரில அந்த வித்தியாசம் 0.2 சதவீதம்தான். கலிலியோவே எந்த வீச்சுலயும் நேரம் ஒண்ணுதான்னு நம்பினாரு, 1656-ல ஊசல் கடிகாரம் செஞ்ச ஹைகென்ஸ் அது சரியில்லன்னு காட்டினாரு. அதே மாதிரி 1672-ல ழான் ரிஷேங்கிற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸ்ல சரியா ஓடுன ஊசல் கடிகாரத்த பூமத்திய ரேகை பக்கம் தென் அமெரிக்காவுல இருக்குற கயென்னுக்கு கொண்டு போனப்ப நாளைக்கு சுமார் 2.5 நிமிஷம் லேட்டா ஓடுச்சு. கடிகாரம் ரிப்பேர்னு விடாம அத நம்பிப் பின்தொடர்ந்ததாலதான் ஜி எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்லன்னு தெரிய வந்துச்சு. 9.8-க்காக ரீடிங்க அழிக்கிற பையனுக்கு இந்தக் கதைய கண்டிப்பா சொல்லுங்க.

மார்க் போடுறப்ப ஜி மதிப்புக்குன்னு தனி மார்க் வைக்காதீங்க, வச்சா நாளைக்கே எல்லாருக்கும் 9.8 வந்துடும். அழிக்காத ரீடிங்குக்கு, கிராஃபுக்கு, "என் விடை ஏன் விலகியிருக்கு"ங்கிற ரெண்டு மூணு வரிக்குன்னு பிரிச்சுப் போடுங்க. தப்பா எடுத்த ரீடிங்க ஒரு கோடு மட்டும் அடிச்சு, பக்கத்துல காரணம் எழுதச் சொல்லுங்க, அந்தக் காரணத்துக்கும் மார்க் உண்டுன்னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க. ரெண்டு பீரியட் சேந்தாப்ல கிடைக்கிற நாளா பாத்து வைங்க, ஒரு பீரியட்ல அளக்கத்தான் நேரம் இருக்கும், ஏன்னு பேசுறதுக்கு இன்னொண்ணு வேணும்.