தூண்டில் வீசும் முன் கடலைப் படியுங்கள்: குளிர்கடலோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிதவெப்ப மண்டலக் கடலோரங்களில் தூண்டில் போடப் புறப்படுகிறவர்கள் வானிலை முன்னறிவிப்பில் முதலில் தேடுவது அலையின் உயரத்தை. ஒன்றரை மீட்டர் என்றால் கிளம்பிவிடுகிறார்கள். மூன்று மீட்டர் என்றால் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்த உயரத்துக்குப் பக்கத்தில் நொடிக்கணக்கில் இன்னொரு எண் இருக்கும். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வந்து சேர ஆகும் நேரம் அது. பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பாறை மீது நிற்கப் போகிறவருக்கு உயரத்தைவிட அந்த எண்தான் அதிகம் சொல்லும் என்பேன்.

ஒன்றரை மீட்டர் உயரம், 6 நொடி இடைவெளி என்றால் அது பக்கத்தில் வீசும் காற்று கிளப்பிய அலை. முகட்டுக்கு முகடு சுமார் 55 மீட்டர் தூரம் இருக்கும். அதே ஒன்றரை மீட்டர், 16 நொடி இடைவெளி என்றால் கதையே வேறு. எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயல் அனுப்பிய அலை அது. ஆழ்கடலில் அதன் நீளம் 400 மீட்டர். தன் நீளத்தில் பாதியளவு ஆழத்துக்கு வந்ததும் அலை கடலடியை உணரத் தொடங்கும். குறுகிய அலை 28 மீட்டர் ஆழத்தில்தான் அதை உணர்கிறது. நீண்ட அலை 200 மீட்டரிலேயே உணர்ந்துவிடுகிறது. அங்கிருந்து மெல்ல மெல்ல வேகம் குறைந்து, கரையை நெருங்க நெருங்க எழும்பி நிற்கிறது. உயரம் ஒன்றேயானாலும் அது சுமந்துவரும் ஆற்றல் இரண்டரை மடங்குக்கும் மேல். காற்றே இல்லாத, வெயில் அடிக்கும், கண்ணாடி போன்ற கடலிலும் இந்த அலை வரும். ஆகவே வானத்தைப் பார்த்துக் கடலை எடை போடாதீர்கள்.

முன்னறிவிப்பில் சொல்லப்படும் உயரத்தையே உச்ச வரம்பாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. அது வந்துபோகும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி மட்டுமே. அவ்வப்போது அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரத்தில் ஓர் அலை எழுவது இயல்பு. நீண்ட அலைகள் கூட்டம் கூட்டமாக வருவதால் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே பல நிமிடங்கள் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த அமைதியில் வந்து சேர்ந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் பாறை விளிம்புக்கு இறங்கிவிடுகிறார். குறைந்தது இருபது நிமிடமாவது மேலே நின்று பாருங்கள். அலை இடைவெளி நீண்டிருக்கும் நாளில் அதற்கு மேலும் பாருங்கள். அமெரிக்காவின் ஓரிகன், வடக்கு கலிஃபோர்னியா கரைகளில் முன்னறிகுறி இல்லாமல் மணலில் வெகுதூரம் ஏறிவரும் அலைகளைப் பற்றி ஒவ்வொரு குளிர்காலத்திலும் எச்சரிக்கிறார்கள். அங்கே கரையில் கிடக்கும் பெரிய மரக்கட்டைகள் மீது உட்காரவோ நிற்கவோ கூடாது. சில அங்குல நீரே அந்தக் கட்டையை உருட்டி ஆளை அடியில் அழுத்திவிடப் போதும்.

பாறையே ஒரு பதிவேடுதான், வாசிக்கத் தெரிந்தால். கீழே வெள்ளையாக, கூர்கூராக ஒட்டியிருப்பவை கொட்டலசுகள் என்ற ஓடுடைய சிறு கடலுயிர்கள். ஓதம், அதாவது நாள்தோறும் உயர்ந்து தாழும் கடல் மட்டம், ஏறி இறங்கும் பகுதி எது என்று அவை காட்டும். அவற்றுக்கு மேலே தார் பூசியதுபோல் கறுப்பாக ஒரு பட்டை ஓடும். பலர் அதை எண்ணெய்க் கறை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது பாறையில் படரும் லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி. கடல் நீர் வழக்கமாகத் தெறிக்கும் பகுதியில்தான் அது வளரும். காய்ந்திருக்கும்போது கால் பிடிக்கும், நனைந்தால் வழுக்கும். அந்தக் கறுப்புப் பட்டைக்குக் கீழே நிற்கிறீர்கள் என்றால் கடலுக்குச் சொந்தமான இடத்தில் நிற்கிறீர்கள். மேலே நின்றாலும் பாறை ஈரமாக இருந்தால், சற்று முன் ஓர் அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று பொருள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2016-இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆபத்து மிகுந்ததாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பாறையிலிருந்து தூண்டில் போடுபவர்கள் உயிர்காப்பு மேலங்கி அணிவது அங்கே கட்டாயம். சட்டம் இல்லாத கரையிலும் அதை அணியுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

ஓதக் கணக்கில் வரும் பிழைகள்

ஆறு மணி நேரத்தில் கடல் ஒரே சீராக ஏறும் என்று நினைப்பது பரவலான தவறு. முதல் மணியில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயில் ஓத வேறுபாடு 14 மீட்டர் வரை போகும். 12 மீட்டர் வேறுபாடு உள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடு இரண்டு மணி நேரத்தில் மணிக்கு 3 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர் நீர் ஏறுகிறது. சரிவே இல்லாத மணல்வெளியில் அந்த 5 சென்டிமீட்டர் எவ்வளவு தூரத்தை விழுங்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

இன்னொன்று: நீர் முன்னாலிருந்துதான் வரும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. தட்டையான கரையில் அது ஓடைகள் வழியாகச் சுற்றிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் ஏறிவிடும். நீங்கள் நிற்கும் மேடு காய்ந்திருக்கும். திரும்பிப் போகும் வழி அடைபட்டிருக்கும். இங்கிலாந்தின் மோர்கம்பே விரிகுடாவில் 2004 பிப்ரவரி 5 இரவு மட்டி சேகரித்துக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் ஏறிவந்த ஓதத்தில் சிக்கி இறந்தார்கள். அங்கே கடல் எவ்வளவு வேகமாக உள்ளே வரும் என்பதை அந்த வட்டாரத்தினர் தலைமுறைகளாக அறிவார்கள். அறியாதவர்களைத்தான் அது கொண்டுபோனது. புதிய கரைக்குப் போனால் தாழ் ஓதத்தில் ஒரு முறை வெறுங்கையோடு நடந்து பார்த்து, திரும்பும் வழியை முடிவு செய்துவிட்டுத் தூண்டிலை எடுங்கள்.

ஓத அட்டவணையிலும் கண்ணி இருக்கிறது. பல அட்டவணைகள் கோடைக்காலத்திலும் கிரீன்விச் நேரத்தையோ வட்டாரத் திட்ட நேரத்தையோதான் தரும். கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தும் நாடுகளில் அதைக் கூட்டிப் படிக்க மறந்தால் கணக்கு முழு மணி நேரம் பிசகிவிடும். அட்டவணை சொல்லும் உயரமும் சராசரிக் காற்றழுத்தத்துக்கானது. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். 980 ஹெக்டோபாஸ்கலுக்கு இறங்கிய தாழ்வழுத்தம் கடந்துபோகும் நாளில், காற்று தள்ளும் நீரைச் சேர்க்காமலே, கடல் ஓர் அடி அதிகமாக நிற்கும்.

மீன் கிடைக்காததற்குக் காரணம்

பயத்தைப் பேசியாயிற்று, இனி மீனைப் பேசுவோம். கடற்கரையில் நின்றதும் முடிந்த மட்டும் தூரம் வீச வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. மணற்கரையில் இது பெரும்பாலும் வீண் உழைப்பு. அலை உடையும் மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே, கரைக்கு இணையாக ஒரு பள்ளம் ஓடும். அலை கிளறிவிடும் புழுவும் நண்டும் சிறு சிப்பியும் அங்கேதான் சேரும்; சீ பாஸ் போன்ற மீன்கள் அங்கேதான் மேயும். 20, 30 மீட்டர் தூரத்தில் மீன் இருக்க, நூறு மீட்டருக்கு அப்பால் இரையைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கிறோம். பள்ளத்தைக் கண்டுபிடிப்பது கடினமன்று. சற்று உயரமான இடத்திலிருந்து பாருங்கள். மணல்திட்டின் மேல் வெள்ளை நுரை உடையும், அதை ஒட்டி நீர் கருத்து, அலை உடையாமல் தெரியும். அந்தக் கருத்த பட்டைதான் பள்ளம். நுரைக்கோட்டில் எங்காவது இடைவெளி தெரிந்தால் அது நீர் கடலுக்குத் திரும்பும் வாய். அதன் ஓரத்தில் இரை போடலாம். அதற்குள் இடுப்பளவு இறங்கி நிற்கவே கூடாது. ஆளை இழுத்துச் செல்லும் நீரோட்டம் அது.

கடல் அமைதியாக, நீர் தெளிந்திருக்கும் நாளே மீன்பிடிக்க நல்ல நாள் என்பதும் தவறான எண்ணம். தெளிந்த நீரில் பட்டப்பகலில் மீன் கரைக்கு அருகே வரத் தயங்கும். நீரில் லேசான கலக்கமும் சற்று நுரையும் இருந்தால் துணிந்து வரும். ஆனால் புயல் ஓய்ந்த மறுநாளே ஓடாதீர்கள். அறுந்து மிதக்கும் கடற்பாசி தூண்டில் நரம்பில் சுற்றிக்கொள்ளும், ஈயக்குண்டு நகர்ந்துவிடும், நாள் முழுக்கப் பாசியைப் பிய்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இரண்டு நாள் பொறுத்து நிறம் மாறத் தொடங்கும்போது போவது நல்லது. நாளின் நேரத்தை மட்டும் பார்த்துக் கிளம்புவதும் பலனளிக்காது. நீர் நகர்ந்தால்தான் இரை நகரும், இரை நகர்ந்தால்தான் மீன் வேட்டையாடும். ஓதம் திரும்பும் தேக்க நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வந்து போகிறவர் நல்ல பொழுதைத் தவறவிடுகிறார்.

கருவிகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், பக்கத்தில் நிற்பவரின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால். மெல்லிய நரம்பில் கனமான ஈயக்குண்டைக் கட்டி முழு பலத்தோடு வீசினால், நரம்பு அறுந்து குண்டு தறிகெட்டுப் பறக்கும். அதன் வழியில் ஒரு மனிதத் தலை இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. முனையில் தடித்த முன்நரம்பு கட்டுவது அவசியம். குண்டின் எடையில் ஒவ்வொரு அவுன்சுக்கும் 10 பவுண்டு தாங்குதிறன் என்பது நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. 5 அவுன்ஸ் குண்டுக்கு 50 பவுண்டு. கழியின் நீளத்தில் இரு மடங்கும் ரீலில் சில சுற்றுகளும் வரும்படி முன்நரம்பு நீளமாக இருக்கட்டும்.

வடகிழக்கு அட்லாண்டிக் மணற்கரைகளில் வீவர் என்ற சிறு மீன் தூண்டிலில் ஏறும். முதுகில் கறுப்புத் துடுப்பு இருக்கும், அதன் முட்களில் நஞ்சு உண்டு. கையால் பிடிக்காமல் இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் பனிக்கட்டி வைப்பது தவறு. தாங்கக்கூடிய சூடான நீரில் குறைந்தது அரை மணி நேரம் அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள். அந்த நஞ்சு சூட்டில் சிதையும்.

குளிர்நீர்

மிதவெப்பக் கடலோரத்தில் ஆள் ஏமாறுவதற்குப் பெரிய காரணம், கடலும் காற்றும் ஒரே நாள்காட்டியைப் பின்பற்றாததுதான். கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிர்கிறது. வட அரைக்கோளத்தில் அது மிகக் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில். மே மாத வெயிலில் சட்டையைக் கழற்றத் தோன்றும் நாளிலும் இங்கிலாந்துக் கரையின் நீர் 11 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருக்கும். கலிஃபோர்னியாவில் வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்நீர் எழும்பி வருகிறது. மீனுக்கு உணவு பெருகுவதும் அதனால்தான், கரையை மூடுபனி சூழ்வதும் அதனால்தான்.

15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால் உடல் தானாகவே ஒரு பெருமூச்சை உள்ளிழுக்கும். அந்த மூச்சில் தண்ணீர் போனால் நல்ல நீச்சல்காரரும் மூழ்கலாம். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இராது. பிறகு சுமார் பத்து நிமிடம் கைகால்கள் சொன்னபடி கேட்கும். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். குளிரில் உறைந்து சாவோம் என்று பயப்படுகிறவர்கள் பலர். உண்மையான ஆபத்து அந்த முதல் நிமிடத்தில் இருக்கிறது. ஆகவே விழுந்தவுடன் கரையை நோக்கி நீந்த முயல்வது தவறு. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, காது நனைந்தாலும் பரவாயில்லை என்று மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். பிரிட்டனின் உயிர்மீட்புப் படகு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. சொல்லித்தருவதும் இதைத்தான். அலை மோதும் பாறையை ஒட்டி விழுந்திருந்தால், மூச்சு திரும்பியதும் பாறையைப் பற்றப் பார்க்காமல் சற்று விலகி மிதப்பதே மேல்.

கரையில் நிற்கும் நண்பர் குதிக்கக் கூடாது. மூடியை இறுக மூடிய ஐஸ் பெட்டி, காலி கேன் என்று மிதக்கும் எதையும் எறியலாம். கண்ணை விழுந்தவர் மீதிருந்து எடுக்காமல் அவசர எண்ணுக்கு அழைக்க வேண்டும்; பிரிட்டனில் 999, ஐரோப்பிய நாடுகளில் 112. படகில் வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனல். கைபேசி பையின் அடியில் கிடந்தால் இதெல்லாம் நடக்காது. நீர் புகாத உறையிலிட்டு நெஞ்சோடு சேர்த்து மாட்டிக்கொள்ளுங்கள். விழுந்தவரே அழைக்க வேண்டி வந்தாலும் எட்டும்.