டிக்கெட்டுக்கு முன் கிழமையைப் பாருங்கள்

வெளிநாட்டில் எந்த நாளில் எதைப் பார்ப்பது என்று முடிவுசெய்யும் முன், ஒவ்வொரு அருங்காட்சியகத்தின் வார விடுமுறையையும் இலவச நேரத்தையும் அதன் சொந்த இணையதளத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாரிஸில் லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேக்குத் திங்கள். ஒன்று மூடியிருக்கும் நாளில் மற்றது திறந்திருப்பதால், முன்பின் மாற்றினாலே போதும். பூட்டிய கதவுக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. மாட்ரிட்டின் பிராடோவில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 மணிவரை கட்டணமே கிடையாது. வரிசை நீளமாகத்தான் இருக்கும், அந்த இரண்டு மணி நேரத்தில் முழுவதும் பார்க்கவும் முடியாது. நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் காசு கொடுத்துக் காலையிலேயே போவது மேல். அப்புறம், மே 1, டிசம்பர் 25 என்றால் இந்தக் கணக்கு செல்லாது, மூன்றுமே மூடியிருக்கும்.