சஸ்பென்ஷன் புஷ் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கைகளின் மூட்டுகளில் இருக்கும் உருளை வடிவத் துண்டு) மாற்றும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

சாலையில் மட்டும் ஓடும் காருக்கு, அதிர்வை உள்வாங்கி எல்லாத் திசைகளிலும் சற்றே நெகிழ்ந்துகொடுக்கும் ரப்பர் புஷ்ஷே என் கருத்தில் சிறந்தது.

பந்தயத் தடத்திலும் அவ்வப்போது ஓட்டுவதானால் ரப்பரைவிட விறைப்பான பிளாஸ்டிக் வகையான பாலியூரித்தேனாலான புஷ்ஷைக் கருதலாம். ஷோர் ஏ எனும் கடினத்தன்மை அளவுகோலில் அதன் எண் கூடக் கூட, வளைவுகளில் சக்கரக் கோணம் மாறாமல் நிற்கும். கூடவே இரைச்சலும் அதிர்வும் அதிகரிக்கும். ஒரே அச்சில் சுழலும் இணைப்புகளுக்குப் பாலியூரித்தேன் நன்கு பொருந்தும். ஆனால் பல திசைகளில் திருகும் டிரெய்லிங் ஆர்மில் (மூட்டு முன்னாலும் சக்கரம் பின்னாலுமாக இருக்கும் சஸ்பென்ஷன் கை) அது அசைவைத் தடுத்து இறுக்கிப்பிடிக்கக்கூடும் என்பதால், அங்கே ரப்பரை விட்டுவைப்பதே நல்லது. பந்தயத்துக்கு மட்டுமேயான கார் என்றால் கோள பேரிங்கை (நெகிழும் ரப்பர் இல்லாத, உலோகப் பந்து வடிவ மூட்டு) பொருத்தலாம். தூசியும் நீரும் அதை விரைவில் தேய்த்துவிடும்.

ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, கார் தன் முழு எடையுடன் சக்கரங்கள்மீது நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், ரப்பர் எப்போதும் முறுக்கப்பட்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்களின் கோண அமைப்பை, சரிபாருங்கள்.