சர்க்கரைவள்ளி நொதிக்குள் இரண்டு செம்பு அணுக்கள்: நாமே அளந்து பார்ப்போம்

வாழைப்பூவை ஆய்ந்ததும் ஏன் மோரில் போடுகிறீர்கள் என்று வீட்டில் கேட்டால், "கறுத்துப் போயிடும்ல" என்பார்கள். கறுக்க வைப்பது செம்பு தாங்கிய ஒரு நொதி. கத்தி பட்டுச் செல் உடைந்ததும் அது காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து, ஃபீனால் வகைச் சேர்மங்களைக் குயினோன்களாக மாற்றுகிறது. குயினோன்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பழுப்பு நிறமியாகின்றன. மோரின் புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்துகிறது.

சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இதே குடும்பத்து நொதி ஒன்று உண்டு, பெயர் கேட்டகால் ஆக்சிடேஸ். கிளாபுண்டே, ஐக்கன், சச்செட்டினி, கிரெப்ஸ் ஆகியோர் 1998இல் அதன் படிக அமைப்பை மூன்று வெவ்வேறு நிலைகளில் வெளியிட்டார்கள். அந்த மூன்றையும் திறந்து ஒரே ஒரு தூரத்தை அளப்பதுதான் இன்றைய வேலை. செயல் மையம், அதாவது நொதியின் வேலை நடக்கும் இடம், என்றாலே பூட்டு, சாவி என்று அசையாத பள்ளமாக வரைந்து காட்டும் படத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பயிற்சி.

படி 1: கோப்பைத் திறப்பது

மென்பொருள் எதுவும் நிறுவ வேண்டாம், உலாவி போதும். புரத அமைப்புகளின் பொதுக் களஞ்சியமான புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்துக்குப் போய், தேடல் பெட்டியில் 1-பி-டி-3 என்ற குறியீட்டை ஆங்கில எழுத்தில், கோடுகள் இல்லாமல் உள்ளிடுங்கள். வரும் பக்கத்தில் 'ஸ்ட்ரக்சர்' தாவலை அழுத்தினால் மோல்ஸ்டார் காட்டி திறக்கும். சுட்டியின் இடப் பொத்தானைப் பிடித்து இழுத்தால் மூலக்கூறு சுழலும், சக்கரத்தை உருட்டினால் பெரிதாகும்.

படி 2: செம்பைக் கண்டுபிடிப்பது

நான்கு ஆல்ஃபா சுருள்கள் கட்டாக நிற்கும் நடுப்பகுதிக்குப் போங்கள். அங்கே செம்பு நிறத்திலேயே இரண்டு உருண்டைகள் இருக்கும். ஒன்றைச் சொடுக்கினால் காட்சி நெருங்கி வந்து, சுற்றியுள்ள அமினோ அமிலங்கள் குச்சிகளாகத் தெரியும்.

இப்போது எண்ணுங்கள். ஒரு செம்பைப் பிடித்திருப்பவை ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் மூன்று: 88, 109, 118 (எண் என்பது புரதச் சங்கிலியில் அதன் வரிசை இடம்). மற்றதைப் பிடித்திருப்பவை ஹிஸ்டிடின் 240, 244, 274. ஆறும் நீல நைட்ரஜன் முனையைச் செம்பின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஹிஸ்டிடின் 109ஐ மட்டும் கூடுதலாக ஒரு நிமிடம் பாருங்கள். பக்கத்திலுள்ள சிஸ்டீன் 92இன் மஞ்சள் கந்தகம் அதோடு நேரடியாகப் பிணைந்திருக்கும். மற்ற ஐந்துக்கும் இல்லாத கட்டு இது. அந்த வளையம் இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது.

படி 3: அளப்பது

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வலப்பக்கக் கருவிகளில் அம்புக்குறிச் சின்னத்தை அழுத்தித் தேர்வு நிலைக்கு மாறுங்கள். மேலே வரும் பட்டியில் 'ரெசிடியூ' என்று இருப்பதை 'ஆட்டம்' என்று மாற்றுங்கள். மறந்தால் இரண்டு செம்பும் நடுவிலுள்ள ஆக்சிஜனும் ஒரே துண்டாகத் தேர்வாகிவிடலாம், அப்போது வரும் எண்ணுக்குப் பொருளில்லை. பிறகு இரு செம்பு அணுக்களையும் சொடுக்கி, 'மெஷர்மென்ட்ஸ்' பகுதியில் 'டிஸ்டன்ஸ்' கொடுங்கள்.

ஏறக்குறைய 2.9 ஆங்ஸ்ட்ராம் வரும் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). குறித்து வையுங்கள்.

படி 4: மற்ற இரண்டு கோப்புகள்

1-பி-டி-2 கோப்பைத் திறந்து அதையே செய்யுங்கள். ஒரே மூலக்கூறின் இரண்டு பிரதிகள் தெரிந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தூரம் 4.4 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு விரிந்திருக்கும். அதே கிழங்கு, அதே நொதி, அதே ஆறு ஹிஸ்டிடின். மாறியது எலக்ட்ரான் கணக்கு மட்டும்.

முதல் கோப்பில் இரு செம்பும் +2 நிலையில் இருக்கின்றன. நடுவே ஒரு ஹைட்ராக்சைடு பாலமாக நின்று இரண்டையும் இழுத்து வைத்திருக்கிறது. இரண்டாவது கோப்பில் ஆளுக்கொரு எலக்ட்ரான் பெற்று +1 ஆகிவிட்டன. பாலம் போய்விட்டது, அணுக்கள் விலகிவிட்டன. அந்த விரிந்த, காலியான இடத்தில்தான் அடுத்த ஆக்சிஜன் மூலக்கூறு வந்து உட்காரும். ஃபீனால் வகைச் சேர்மமான கேட்டகால் எலக்ட்ரானைக் கொடுக்க, ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்ள, செம்புகள் இடையில் நின்று நெருங்கி விலகி நெருங்கி வேலை செய்கின்றன.

மூன்றாவது, 1-பி-யு-ஜி. இதில் ஃபீனைல்தயோயூரியா என்ற தடுப்பான் உள்ளே மாட்டியிருக்கிறது. ஹைட்ராக்சைடு இருந்த இடத்தில் அதன் கந்தகம் பாலமாக நிற்பதைப் பாருங்கள். தூரம் சுமார் 4.2. வாசலில் நிற்கும் ஃபீனைல்அலனின் 261இன் வளையத்தையும் முதல் கோப்போடு ஒப்பிடுங்கள். விருந்தாளி வந்ததும் அது இடம் மாறியிருக்கும்.

எண்களை எவ்வளவு நம்பலாம்?

இந்தப் படிகங்களின் பிரிதிறன், அதாவது எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்ற அளவு, 2.5 முதல் 2.7 ஆங்ஸ்ட்ராம் வரைதான். 2.9க்கும் 4.4க்கும் உள்ள வித்தியாசம் உண்மையானது. 4.2க்கும் 4.4க்கும் உள்ளதை வைத்துக் கதை கட்ட நான் துணிய மாட்டேன். எக்ஸ் கதிர் படும்போதே செம்பு +2 குறைந்து +1 ஆகவும் கூடும். படம் எடுக்கும் விளக்கே முகத்தை மாற்றுவது போன்ற சங்கடம் இது. செம்புப் புரதங்களைப் படிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பழகிப்போன ஒன்று.

படி 5: விடுபட்ட நிலை

ஆக்சிஜன் பிடிபட்டிருக்கும் கணம் இந்த மூன்று கோப்புகளிலும் இல்லை. அதற்கு ஒரு உறவுக்காரரைக் கூப்பிடலாம். நண்டு, இறால் வகைகளின் இரத்தத்துக்கு நீலம் தரும் ஹீமோசயனினிலும் ஆறு ஹிஸ்டிடின்கள் இரண்டு செம்பைப் பிடித்திருக்கின்றன. குதிரைலாட நண்டின் ஹீமோசயனினில் ஆக்சிஜன் இல்லாதபோது செம்புகளின் இடைவெளி சுமார் 4.6 ஆங்ஸ்ட்ராம், ஆக்சிஜனைப் பிடித்ததும் 3.6. அங்கே ஆக்சிஜனின் இரு அணுக்களும் பெராக்சைடாகி, இரு செம்புக்கும் நடுவே படுக்கைவாட்டில் கிடக்கும். களஞ்சியத்தில் குதிரைலாட நண்டின் ஹீமோசயனினைத் தேடி எடுத்து, படி 3ஐ அப்படியே திரும்பச் செய்யுங்கள்.